பேச்சியின் வீடு இருந்த சரிவு

பச்சை நிறம் கலப்பது எப்படி என்று உங்களில் மூன்று பேர் தனித்தனியாக வந்து என்னிடம் கேட்டுவிட்டீர்கள். பாடப் புத்தகத்துக்குப் படம் போடுகிறவர்களுக்கு மலையும் தோட்டமும் அடிக்கடி வரும் என்பதால் கேட்கிறீர்கள். தப்பில்லை. ஆனால் அதை ஒரு வாரம் காகிதத்தை வீணாக்கினால் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். இந்த அச்சகத்தின் ஓவியப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்து எழுந்தவள் என்ற முறையில் நான் சொல்ல நினைப்பது வேறு. இங்கே வேலைக்கு வருவதற்கு முன்னால், மலையில் இருந்த ஆறு வருடங்களைப் பற்றி.

எனக்குச் சொந்த ஊர் மீனாட்சிபுரம். அப்பாவுக்குத் தென்னையும் கடலைக்காடும் நாலைந்து கறவை மாடுகளும் இருந்தன. எங்கள் காட்டில் நின்றால் மலைகள் தூரத்தில் ஒரு நீலக் கோடாகத்தான் தெரியும். நடுவில் கணவாய்க் காற்று, பனைமரங்கள், மீதியெல்லாம் வானம். பள்ளிக்கூட நோட்டில் நான் படம் போட்டால் தாளில் முக்கால்வாசி வானத்துக்குப் போய்விடும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, குமுளியிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் குடிபோனேன். என் வீட்டுக்காரர் அங்கே தேயிலை ஃபேக்டரி ஆபீசில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு சரிவு. மேலிருந்து கீழ்வரை தேயிலை. நடுவில் ஒரு லயம். தொழிலாளர் குடும்பங்கள் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் குடியிருக்கும் வீடுகளை அங்கே லயம் என்பார்கள். வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து அண்ணாந்து பார்க்க வேண்டும். முதல் மழைக்காலம் முழுவதும் நான் அப்படி அண்ணாந்துகொண்டேதான் இருந்தேன்.

ஊர் ஞாபகம் தாங்காமல் வரைய ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் மதுரைக்குப் போயிருந்தபோது ஒரு வண்ணப் பெட்டி வாங்கி வந்தார். எதிர்ச் சரிவைத்தான் வரைந்தேன். ஒருநாள் மழை விட்ட நேரத்தில் வாசலில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தபோது, கொழுந்துக் கூடையோடு போன பெண் ஒருத்தி நின்று எட்டிப் பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் சாக்கைச் சுற்றியிருந்தாள்.

"ஏக்கா, இது எந்த ஊரு?"

"இந்த ஊருதானுங்க."

"என்னையவா 'ங்க' போடுதிய?" என்று சிரித்துவிட்டு, மறுபடியும் குனிந்து பார்த்தாள். "இந்த ஊரா? இங்க இப்படி வெயிலு அடிச்சா கொழுந்து பூராக் கருகிப்போயிரும்லா."

எனக்குச் சுருக்கென்றது. பிறகு பார்த்தேன். அவள் சொன்னது சரி. மலையை வரைகிறேன் என்று நினைத்துக்கொண்டு மீனாட்சிபுரத்து வெயிலை வரைந்திருந்தேன். நிழலெல்லாம் கத்தியால் வெட்டினதுபோல விழுந்திருந்தது. அந்த மலையில் நிழலே அப்படி விழாது. கண் எதிரே இருப்பதை விட்டுவிட்டு மனசில் இருப்பதைக் கை போட்டுக்கொண்டிருந்தது.

அவள் பெயர் பேச்சியம்மாள். எதிர் லயத்தில் குடியிருந்தாள். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். அவளும் அவள் அம்மாவும் மட்டும்தான். அம்மா பிறந்ததே அந்த லயத்தில்தான்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பேச்சி என்னைக் கூட்டிக்கொண்டு சுற்றினாள். எந்தப் பாறை இடுக்கில் எந்த மாதம் எது பூக்கும் என்று அவளுக்குத் தெரியும். பெயர்தான் தெரியாது. அதனால் இடத்தை வைத்துப் பெயர் சொல்வாள். குழாயடிப் பூ, பதினொண்ணாம் காட்டுப் பூ, துரை பங்களா வேலிப் பூ. தண்ணீர் வழிகிற பாறையில் காசித்தும்பை இனத்தில் ஒன்று முளைத்திருக்கும். ரோஜா நிறத்தில், விரல் நகம் அளவு. மழையில் நனைந்தால் இதழ் வழியாகப் பாறை தெரியும். அதைப் பறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்து வரையலாம் என்று முதல் தடவை நினைத்தேன். வீடு வந்து கையைத் திறந்தால் ஈரத் துணிநூல் மாதிரி ஏதோ இருந்தது. அடுத்த ஞாயிறு பேச்சி எனக்குக் குடை பிடித்தாள், நான் பாறைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து வரைந்தேன். அட்டைப் பூச்சி எத்தனை கடித்தது என்று வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

எல்லாரும் குறிஞ்சியைப் பற்றிக் கேட்பீர்கள். நான் குறிஞ்சி வரைந்ததே இல்லை. அது பக்கத்து மலையில் பூத்த சமயத்தில் நான் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். "மலையே நெறம் மாறிக் கெடந்துச்சுக்கா, நீங்க போயி இப்பவா பிள்ளை பெத்திய?" என்று பேச்சி ரொம்ப நாள் குறைபட்டுக்கொண்டாள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

என் படங்களைப் பற்றி யாரோ சொல்லித் தோட்டத்தின் பெரிய துரைக்குத் தெரிந்துவிட்டது. துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. மானேஜரை அப்போதும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மலையாளத்துக்காரர், நல்ல மனிதர். அடுத்த வருடக் காலண்டருக்குத் தோட்டத்தைப் பெரிதாக ஒரு படம் போட்டுத் தரச் சொன்னார். ஒரு மாதம் உழைத்தேன். எங்கள் ஜன்னலிலிருந்து தெரிகிற சரிவு, காலை நேரம், லயத்தின் கூரையிலிருந்து புகை. அதுவரை நான் போட்டதிலேயே நல்ல படம் அதுதான்.

துரை வீட்டுக்கே வந்து பார்த்தார்.

"கொள்ளாம். ரொம்ப நன்னாயிருக்கு. அந்த லயம் மட்டும் வேண்டா. அது இருந்தா காலண்டருக்கு ஒரு பங்கி இல்ல." பங்கி என்றால் மலையாளத்தில் அழகு. "அந்த எடத்துல தேயிலை வரட்டும்."

அவர் போனதும் வீட்டுக்காரரிடம், "ஏனுங்க, என்னங்க பண்றது?" என்றேன்.

"இதுல பண்றதுக்கு என்ன புள்ள இருக்குது? தொர சொன்னா சொன்னபடி பண்ணிக் குடுத்துட வேண்டியதுதான்."

அவர்மேல் பழி போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். துரைமேலும் போடலாம். ஆனால் உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். துரை சொன்னபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்தத் துருப்பிடித்த தகரக் கூரை என் பச்சையை நடுவில் வெட்டிக்கொண்டு நின்றது எனக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது. ஈரத் துணியை வைத்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். கூரை போயிற்று, கதவுகள் போயின, புகை போயிற்று. மங்கலாக ஒரு கறை மட்டும் மிஞ்சியது. அதன் மேல் தேயிலைச் செடிகளைப் போட்டேன். ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்துவிட்டது.

காலண்டர் அச்சாகி வந்தது. தோட்டத்தில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். பேச்சி அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. என் வீட்டுத் தரையில் விரித்து, விரலை மேலிருந்து கீழே இறக்கினாள். அப்புறம் இடமிருந்து வலம். விரல் நின்றது.

"எங்க வீடு எங்கக்கா?"

நான் சொன்னேன்: "மஞ்சு மறைச்சிருச்சு புள்ள."

மூடுபனியைத்தான் அங்கே மஞ்சு என்பார்கள். பேச்சி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மஞ்சு மறைச்சா மொத்தமாத்தானக்கா மறைக்கும்? மேலயும் தெரியுது, கீழயும் தெரியுது. நடுவுல எங்க லயத்த மட்டுமா மறைக்கும்?"

அவள் கோபப்படவில்லை. காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, "சரிக்கா, அடுப்புல சோறு கெடக்கு" என்று எழுந்து போனாள். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. நாலாவது ஞாயிறு வந்தாள். பூப் பார்க்கப் போனோம். அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நான் எடுத்திருக்க வேண்டும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு பெரிய மழை. எட்டு நாள் விடவில்லை. லயத்துக்கு மேலே மண்ணில் ஒரு விரிசல் தெரிந்ததும், லயத்தில் இருந்தவர்களையெல்லாம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மறுநாள் காலை பத்து மணி இருக்கும், நான் காப்பிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஃபேக்டரி இயந்திரம் மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தேன். எதிர்ச் சரிவு நகர்ந்துகொண்டிருந்தது. தேயிலைச் செடிகள் நின்றபடியே கீழே இறங்கிப் போயின. பிறகு அங்கே சிவப்பு மண்தான் இருந்தது. ஆள் சேதம் இல்லை. லயம் இல்லை.

நாலாம் நாள் காலை பேச்சி என் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குப் பிற்பகல் மூன்றரை மணி பஸ்ஸில் குமுளிக்குப் போய், அங்கிருந்து கம்பத்துக்கு இறங்குகிறார்களாம். கம்பத்துக்குப் பக்கத்தில் அவளுடைய தாய்மாமன் இருந்தார்.

"அம்மா மூணு நாளா வாயத் தெறக்க மாட்டேங்கு. ஊருக்கும் வர மாட்டேங்கு. பள்ளிக்கூடத்து வராண்டாவுல சொவரப் பாத்து உக்காந்திருக்கு. ஒரு படம் போட்டுத் தாங்கக்கா. எங்க வீட்ட. யார்ட்டயும் ஒரு போட்டோ கூட இல்ல. நீங்கதான் சன்னல்ல இருந்து டெய்லி பாத்தியள்லா."

அவள் குத்திக்காட்டவில்லை. நம்பிக்கையோடுதான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

என்னிடம் நல்ல தாள் ஒன்றே ஒன்று இருந்தது. மணி ஒன்பதரை. பென்சிலை எடுத்துக் கூரையின் கோட்டை இழுத்தேன். எட்டுக் கதவு குறித்தேன்.

"பத்துக்கா," என்றாள் பேச்சி.

குழாயை வலது பக்கம் போட்டேன். "எடப் பக்கம்லா."

படி எத்தனை என்று கேட்டேன். ஐந்து வருடம் தினமும் பார்த்த இடம். காசித்தும்பையின் இதழில் எத்தனை நரம்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்த லயத்துக்கு எத்தனை கதவு என்று தெரியவில்லை. ஒருமுறை படத்திலிருந்து எடுத்த பிறகு, ஜன்னலில் நின்றாலும் என் கண் அதைத் தாண்டித் தேயிலைக்குப் போகப் பழகிவிட்டிருந்தது.

அப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. இருக்கிற சாமர்த்தியத்தை வைத்துக்கொண்டு நானே ஒரு லயத்தை உண்டாக்கிவிடலாம். மஞ்சு, புகை, ஈரக் கூரை என்று போட்டால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற மனுஷிக்கு அது போதும் என்றும் தோன்றியது. நேரமும் இல்லை. பென்சிலைக் கீழே வைத்தேன்.

"பேச்சி, எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. நான் சரியாப் பாத்ததே இல்ல. நீ சொல்லு, நான் போடறேன்."

அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மொதல்ல படி. மூணு படி. நடுப்படி ஒடஞ்சிருக்கும்."

அப்படித்தான் அந்தப் படம் வளர்ந்தது. அவள் சொல்லச் சொல்ல நான் போட்டேன். மூன்றாவது கதவு அவர்களுடையது. முதல் வீட்டு வாசலில் கோழிக் கூண்டு. ஏழாவது வீட்டின் மேல் தகரம் பறக்காமல் இருக்க வைத்த கல்லு நாலு. குழாய்க்குக் கீழே சிமெண்டு பெயர்ந்த பள்ளம், அதன் ஓரம் குழாயடிப் பூ. இரண்டு பேருக்கும் தெரியாத இடத்தைத் தொடவே இல்லை. வெறும் தாளாக விட்டேன். மழைக்காலக் காற்றில் வண்ணம் காயவில்லை. மத்தியானம் சாப்பிட வந்த வீட்டுக்காரர் நிலைமையைப் பார்த்துவிட்டுத் தாமே அடுப்பை மூட்டி, தாளை நெருப்புக்கு நேரே கொஞ்ச தூரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அஞ்சாவது ஊட்டுல ரேடியோவுக்குக் கம்பி கட்டியிருந்தாங்களே, அது எங்க?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி!" என்று பேச்சி தரையைத் தட்டினாள்.

அவருக்குக்கூட ஞாபகம் இருந்தது.

மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். வண்ணப் பெட்டியையும் கையோடு எடுத்துப் போனேன். ஏன் என்று தெரியாது, கை தானாக எடுத்தது. பேச்சியின் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். படத்தை அவர் மடியில் வைத்தாள் பேச்சி. அவர் குனிந்து பார்த்தார்.

"கதவு பச்சையில்ல. நீலம்."

மூன்று நாளைக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"அது முந்தில்லாம்மா. போன வருசந்தான் எல்லாத்துக்கும் பச்சை அடிச்சாங்க," என்றாள் பேச்சி.

"நா பொறந்து வளந்தது நீலக் கதவு."

பேச்சி என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து நான் ஒரே பிடிவாதமாக இருந்தேன், இருந்ததை மட்டும்தான் போடுவேன் என்று. இப்போது பஸ் ஹாரன் கேட்கிறது. யாருடைய கதவு அது? வராண்டாக் குழாயில் தூரிகையை நனைத்து, மூன்றாவது கதவின் பச்சையை ஒற்றி எடுத்துவிட்டு நீலம் போட்டேன். மற்ற ஒன்பதும் பச்சையாகவே இருந்தன. அம்மா அது காயும் வரை ஊதிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து சேலையை உதறிக்கொண்டு, "எங்கட்டி பஸ்ஸு?" என்றார்.

உரச் சாக்கின் உள்ளே வரும் பிளாஸ்டிக் உறையில் படத்தைச் சுற்றிக் கொடுத்தேன். பேச்சி பஸ் படியில் நின்று, "அக்கா, ஞாயித்துக்கெழம மறந்துராம பாறைக்குப் போங்க. நா இல்லன்னு போகாம இருந்துராதிய" என்றாள். காலண்டரைப் பற்றி அப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். பஸ் புறப்பட்டுவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு கார்டு வந்தது. யாரையோ வைத்து எழுதியிருந்தாள். இருவரும் சௌக்கியம், திராட்சைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது, படம் வீட்டில் மாட்டியிருக்கிறது. கடைசியில்: "அக்கா, கொய்யா மரத்தை மறந்துவிட்டோம். குழாய்க்கும் எங்கள் கதவுக்கும் நடுவில் நின்றதே, அம்மா தினமும் கேட்கிறது. நீங்கள் ஒருநாள் வந்து போட்டுக் கொடுக்க வேண்டும்."

அடுத்த மாதம் வருகிறேன் என்று பதில் எழுதினேன். அடுத்த மாதம் குழந்தைக்குக் காய்ச்சல். அதற்கடுத்து மாமனாருக்கு உடம்புக்கு முடியாமல் நாங்கள் மலையை விட்டே இறங்க வேண்டியதாகிவிட்டது. பிறகு கோயம்புத்தூர், இந்த வேலை, காலக்கெடு, அடுத்த புத்தகம். குமுளியிலிருந்து கம்பம் பக்கம்தான் என்று எப்போதும் நினைத்துக்கொள்வேன். நான்தான் குமுளியில் இல்லை.

எட்டு வருடம் கழித்துப் போனேன். கார்டில் இருந்த ஊரைக் கண்டுபிடித்து, வீட்டையும் கண்டுபிடித்தேன். அங்கே வேறு குடும்பம் இருந்தது. பேச்சியின் அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறதாம். பேச்சி கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய்விட்டாளாம். விலாசம் யாருக்கும் தெரியவில்லை. வந்ததற்கு உள்ளே வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். சுவரில் ஒரு ஆணியும், அதன் கீழே சதுரமாகப் புகை படியாத வெள்ளைச் சுண்ணாம்பும் இருந்தன. படத்தைப் பேச்சி எடுத்துப் போயிருக்கிறாள்.

திரும்புவதற்கு முன்னால் மலைக்கும் போனேன். அந்தச் சரிவில் மறுபடி தேயிலை வைத்திருந்தார்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே பச்சை, காலண்டரில் நான் போட்டது போலவே. பார்க்க முடியாமல் அடுத்த பஸ்ஸிலேயே இறங்கிவிட்டேன்.

உங்களை யாராவது ஒரு படத்துக்காகக் கூப்பிட்டால், அந்த வாரமே போங்கள். வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருக்காதீர்கள். இந்த வேலை முடிவதில்லை. திருப்பூரிலோ, அதற்கப்பால் எங்கேயோ, ஒரு வீட்டில் அந்தப் படம் இன்னும் இருக்கலாம். கொய்யாவை எங்கே போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். குழாய்க்கும் நீலக் கதவுக்கும் நடுவில், எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் வெறும் தாளாக விட்ட இடம் ஒன்று இருக்கிறது. அங்கேதான்.